பெயரறியா நோயும் நமது கடமையும்

மனிதனுக்கு நோய் வந்தால், இன்ன இடத்தில் இன்ன விதமாக வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுகிறான். நாய்க்கு அந்தப் பாக்கியமில்லை. நமது இல்லத்தில் ஒன்பது வருஷமாக வளர்ந்து வரும் நாட்டு நாயொன்று, சில வாரங்களுக்கு முன் ஒரு காலையில் சோற்றுத் தட்டண்டை நின்று அதைப் பார்த்ததேயன்றித் தலையைக் குனியவில்லை. பசியில்லை போலும் என்று நாம் வாளாவிருந்தோம். தட்டைக் கையிலெடுத்து முகத்தருகே பிடித்த பிறகு முழுவதையும் உண்டது. கழுத்தைத் தாழ்த்த முடியாத வேதனையே காரணமென்பதை அப்பொழுதுதான் உணர்ந்தோம். இரண்டு தினங்களுக்குள் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து தள்ளாடவும் தொடங்கிற்று.

ஒரு வீட்டு நாயைப் பற்றித் தலையங்கப் பக்கத்தில் எழுதுவதா என்று சிலர் நகைக்கக்கூடும். இதில் ஒரு பொது விஷயம் அடங்கியிருப்பதாலேயே எழுதத் துணிந்தோம்.

வைத்தியர் காதுகளைப் பரிசோதித்தார். உண்ணிக் காய்ச்சல் உண்டோவென்று ரத்தத்தைச் சோதித்தார். எக்ஸ்ரே படமும் எடுத்தார். காரணம் புலப்படவில்லை. இது அவர் குற்றமன்று. கழுத்தெலும்புகளுக்கிடையேயுள்ள வட்டு பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தினாலும், மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியுள்ள சவ்வு வீங்கினாலும், மூளையில் கட்டி வளர்ந்தாலும் வெளிக்குறிகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றக்கூடும். எக்ஸ்ரே படம் எலும்பைக் காட்டுமேயன்றித் தண்டுவடத்தைக் காட்டாது. அதற்கு எம்.ஆர்.ஐ. படம் வேண்டும். நாயை மயக்கமருந்து கொடுத்துக் கிடத்தினாலன்றி அதை எடுக்கவியலாது, செலவும் மிகுதி. முதிய நாய்களுக்குத் திடீரென்று தலை சாய்ந்து, கண்மணிகள் ஆடி, விழுந்து எழும் உபாதையொன்றுண்டு. அது பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும். ஆனால் அதில் கழுத்து வலி இருப்பதில்லை. ஆதலால் அந்த ஆறுதலையும் நாம் கொள்ள இயலவில்லை.

நோய்க்குப் பெயர் தெரியாதபோது மனிதன் பொறுமையை இழந்துவிடுகிறான். நமக்கு மூன்று யோசனைகள் வந்தன. ஒரு நண்பர், தாம் முதுகுவலிக்கு உண்ணும் மாத்திரையில் பாதியைக் கொடுக்கச் சொன்னார். இபுப்ரோஃபென் போன்ற மனித மாத்திரைகள் நாயின் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுப்பவை. பாராசிட்டமாலோ ஈரலைக் கெடுக்கும். இன்னொருவர் எண்ணெயிட்டுக் கழுத்தை நீவச் சொன்னார். வட்டு பிதுங்கியிருப்பின், அந்த நீவுதலே நான்கு கால்களையும் முடக்கிவிடக்கூடும். மூன்றாமவர், "வயதாகிவிட்டது, எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள்" என்றார்.

இந்த மூன்றாவது யோசனை பாவம் மட்டுமன்று, குற்றமுமாகும். 1960ஆம் வருஷத்துப் பிராணி வதைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆவது பிரிவு, பிராணியைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவன் அதன் நலத்தைக் காக்கவும் அநாவசியமான வேதனையைத் தவிர்க்கவும் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுமென்கிறது. வேதனையுறும் நிலையில் தக்க காரணமின்றி அதைக் கைவிடுவதை 11ஆவது பிரிவு தண்டிக்கிறது. உயிர்களிடத்தில் கருணை காட்டுவது பிரஜையின் கடமையென்று 1976ஆம் வருஷத்தில் அரசியல் சட்டத்திலேயே சேர்க்கப்பட்டது. நோயின் பெயர் தெரிந்த பிறகே இக்கடமை பிறக்குமென்று எச்சட்டமும் கூறவில்லை.

செய்யத்தக்கவை எளியவையே. கழுத்துப்பட்டையை அகற்றி, மார்பைச் சுற்றிய பட்டையால் பிடிக்க வேண்டும். வழுவழுப்பான தரையில் சாக்கு விரித்து, படிகளை மறித்து, குறுகிய இடத்தில் ஓய்வளிக்க வேண்டும். உணவும் நீரும் தலை குனியாமல் எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். வலி எந்நேரத்தில் மிகுந்தது, தலை எப்பக்கம் சாய்ந்தது என்று தினமும் குறித்து வைத்தால், வைத்தியருக்கு அக்குறிப்பு நல்ல சாட்சியாகும். கால்கள் ஊன்றாவிடினும், சிறுநீர் கழியாவிடினும், வலிப்பு வரினும் ஒரு மணி நேரமும் தாமதித்தலாகாது.

தனி மனிதர் கடமை இவ்வாறிருக்க, சர்க்காரின் கடமையையும் கூறாதிருக்கவியலாது. சென்னையில் கால்நடை வைத்தியக் கல்லூரி தொடங்கியது 1903ஆம் வருஷத்தில். நூறாண்டுக்கு மேலான அனுபவமுள்ள மாகாணத்தில், இத்தகைய படமெடுக்கும் வசதி நியாயமான கட்டணத்தில் ஜில்லாக்கள்தோறும் கிடைக்க வேண்டுமென்று கோருவது பேராசையாகாது.

நமது நாய் இன்னும் தலை சாய்த்தே நடக்கிறது. வைத்தியர் அளித்த மருந்தால் வலி சற்றுக் குறைந்திருக்கிறது. நேற்று மாலை நாம் வீடு திரும்பியபோது, தள்ளாடிக்கொண்டே வாயில்வரை வந்து வாலையாட்டிற்று. ஒன்பது வருஷம் நமது வாசலைக் காத்த ஜீவன் அது. தன் கடமைக்கு அது ஒருநாளும் காரணம் கேட்டதில்லை. நாம் மட்டும் காரணம் தெரிந்தால்தான் கடமையைச் செய்வோமென்பது எவ்வித நியாயம்?