பழைய போன் கைமாறும் முன்

செல்போன் பழுதுபார்க்கும் பல கடைகளின் ரசீதில் பெயர், மாடல், பழுது ஆகிய வரிகளுக்குக் கீழே ஒன்பது புள்ளிகள் இருக்கும். "லாக் என்னம்மா?" என்று கடைக்காரர் கேட்டதும், வந்தவர் அந்தப் புள்ளிகளின் மேல் பேனாவால் கோடு இழுத்துக் காட்டுவார். டிஸ்பிளே மாற்ற வந்தவர் வங்கிக் குறுஞ்செய்தி, குடும்பப் படங்கள், மருத்துவ அறிக்கை என அத்தனைக்கும் திறவுகோலை ஒரு துண்டுச் சீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறார்.

எக்ஸ்சேஞ்சில் இன்னும் அவசரம். புதிய போனோடு வாசலில் நிற்கும் டெலிவரி ஊழியர் அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். பழைய போனைக் கையில் வாங்கிக்கொண்டு, "ரீசெட் நாங்க அடிச்சுக்குறோம் சார்" என்பார். கொடுப்பவரும் தலையாட்டிவிடுவார்.

இந்தப் பழக்கம் மாற வேண்டும். ஃபேக்டரி ரீசெட் பொத்தானை அழுத்த வேண்டியவர் போனின் சொந்தக்காரர். அதுவும் போன் தன் கையை விட்டுப் போவதற்கு முன்பே அழுத்த வேண்டும்.

"ரீசெட் பண்ணினாலும் எல்லாத்தையும் எடுத்துடுவாங்க" என்ற பேச்சு இன்றும் உலவுகிறது. அது வெறும் வதந்தியாகப் பிறந்ததில்லை. 2014இல் அவாஸ்ட் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் இணையத்தில் 20 பழைய ஆண்ட்ராய்டு போன்களை வாங்கி ஆராய்ந்தது. பழைய உரிமையாளர்கள் அழித்துவிட்டதாக நம்பியிருந்த 40,000க்கும் மேற்பட்ட படங்கள் அவற்றிலிருந்து மீண்டு வந்தன. மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் லாரன்ட் சைமனும் ராஸ் ஆண்டர்சனும் ஐந்து நிறுவனங்களின் 21 போன்களைச் சோதித்து ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். அவை ஆண்ட்ராய்டு 2.3 முதல் 4.3 வரையிலான பதிப்புகளில் ஓடியவை. உலகெங்கும் 50 கோடி போன்கள் வரை ரீசெட்டில் முழுதாக அழியாமல் இருக்கலாம் என்பது அவர்களுடைய கணிப்பு.

புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழித்துவிட்டுப் பாடங்களை அப்படியே விட்டுவைப்பதைத்தான் அந்தக் கால ரீசெட் பல போன்களில் செய்துவந்தது. போனின் நினைவகச் சில்லுக்கு ஒரு குணம் உண்டு. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதினால் அந்த இடம் தேய்ந்துபோகும். அதனால் புதிய தகவலை வேறோர் இடத்தில் எழுதிவிட்டுப் பழையதைச் சில காலம் அப்படியே விட்டுவைக்கும். ஆகவே, மேலே எழுதிப் பழையதை மறைக்கும் முறை அங்கே நம்பகமாக வேலை செய்வதில்லை.

இதற்குத் தீர்வாக வந்தது என்கிரிப்ஷன் எனும் மறையாக்கம். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், போதுமான வேகமுள்ள புதிய போன்கள் எல்லாவற்றிலும் தகவல்களை மறையாக்கம் செய்தே சேமிக்க வேண்டும் என்று கூகுள் கட்டாயமாக்கியது. ஐபோனில் வன்பொருள் அளவிலான மறையாக்கம் 2009இன் 3ஜிஎஸ் மாடலிலேயே வந்துவிட்டது. இத்தகைய போனில் ரீசெட் கொடுத்தால் முதலில் அழிவது மறைவிசை. அது போனபின் சில்லில் எது மிஞ்சிக் கிடந்தாலும் பொருளற்ற எழுத்துக் குவியல்தான். ஆக, கடந்த சில ஆண்டுகளில் வாங்கிய போன் என்றால் ரீசெட்டைத் தாராளமாக நம்பலாம். பத்தாண்டுக்கு முந்தைய போன் என்றால் செட்டிங்ஸில் என்கிரிப்ஷனை இயக்கிவிட்டுப் பிறகு ரீசெட் செய்வது நல்லது.

தொழில்நுட்பம் தன் பங்கைச் செய்துவிட்டது. மிச்சமிருக்கும் தடை அச்சம்தான். படங்கள் போய்விடுமே என்ற பயத்தில்தான் பலர் ரீசெட்டை அடுத்தவர் தலையில் கட்டுகிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. கூகுள் போட்டோஸ் தானாகச் சேமிப்பது பெரும்பாலும் கேமராவில் எடுத்த படங்களை மட்டுமே. பேரக்குழந்தையின் படங்கள் பாட்டியின் போனுக்கு வருவதோ வாட்ஸ்அப் வழியாக. அந்த ஃபோல்டரைத் தனியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் அவை போனோடு போய்விடும். வாட்ஸ்அப்பின் சொந்த பேக்கப்பிலும் வீடியோக்களைத் தனியாகச் சொன்னால்தான் சேர்த்துக்கொள்ளும்.

இதைவிட வருத்தமான தவறு ஒன்று அடிக்கடி நடக்கிறது. விற்கும் முன் போனிலுள்ள படங்களைச் சிலர் ஒவ்வொன்றாக உட்கார்ந்து அழிக்கிறார்கள். பேக்கப் இயங்கும் போனில், கூகுள் போட்டோஸுக்குள் போய் ஒரு படத்தை அழித்தால் இணையத்திலிருக்கும் நகலும் குப்பைத்தொட்டிக்குப் போகும். 60 நாள் கழித்து அங்கிருந்தும் போய்விடும். ரீசெட்டோ போனை மட்டுமே காலி செய்யும். இணையக் கணக்கில் இருப்பதை அது தொடாது. கையால் அழிப்பதுதான் பாதுகாப்பு என்று நம்புகிறவர்களுக்கு இந்த வேறுபாட்டை யாரும் சொல்லித் தருவதில்லை. மெமரி கார்டையும் சிம்மையும் கழற்றி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பழுதுபார்க்கக் கொடுக்கும் போனை ரீசெட் செய்ய வேண்டிய தேவையே பல நேரங்களில் இருக்காது. சாம்சங் 2022இலும், கூகுள் தன் பிக்சல் போன்களில் 2023இன் இறுதியிலும் பழுதுபார்ப்பு மோடு என்ற வசதியைக் கொண்டுவந்தன. அதை இயக்கினால் கடைக்காரர் திரை, கேமரா, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் சோதிக்கலாம். சொந்தத் தகவல் எதுவும் அவர் கண்ணில் படாது. லாக் கேட்பதற்கு முன் இந்த வசதி இருக்கிறதா என்று பார்ப்பதைக் கடைக்காரர்கள் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். நேர்மையாகத் தொழில் செய்யும் ஆயிரக்கணக்கானோருக்கு இது வீண் பழியிலிருந்தும் காப்பு.

பழைய போனை வாங்குபவருக்கும் இதில் பங்கு உண்டு. ஆண்ட்ராய்டு 5.1 முதல், திருடிய போனை பட்டன்களை அழுத்திப் பிடித்து ரீசெட் செய்தாலும் அது முந்தைய கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும். ஐபோனில் இதே காவல் 2013இன் ஐஓஎஸ் 7இல் வந்தது. திருடனுக்கு எதிரான இந்தப் பூட்டில், உரிமையாளர் தன் கணக்கை நீக்காமல் விற்ற போனை நல்ல விலை கொடுத்து வாங்கியவரும் மாட்டிக்கொள்கிறார். சொந்தக்காரர் செட்டிங்ஸுக்குள் சென்று, கணக்கிலிருந்து வெளியேறி, தானே ரீசெட் செய்திருந்தால் இந்தத் தொல்லை வராது. வாங்குபவர் *#06# அழுத்தினால் கிடைக்கும் ஐஎம்இஐ எண்ணை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்க்கலாம்.

எக்ஸ்சேஞ்ச் நடத்தும் நிறுவனங்களிடம் கேட்பது பெரிய செலவில்லாத ஒன்றுதான். ஆள் வருவதற்கு முந்தைய நாளே பேக்கப் எடுக்கும் வழியைத் தமிழில் குறுஞ்செய்தியாக அனுப்ப வேண்டும். வந்தவர் போனைச் சோதித்து விலையை உறுதி செய்தபின் சொந்தக்காரர் கையிலேயே திருப்பிக் கொடுத்து, அவர் ரீசெட் செய்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் கால் மணி நேரத்தை டெலிவரி ஊழியரின் கணக்கில் தாமதமாக எழுதாமல், வேலை நேரமாகவே நிறுவனம் ஏற்றுக்கொள்ள வேண்டும்.