வேறு வண்டியின் அப்சார்பர் நம் வண்டிக்கு ஆகுமா?

ஜோகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து அன்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. விடியுமுன் ஹோண்டா கப்சாயில் கடற்பாலம் தாண்டிப் போகிறவன், இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறான். பின்பக்க அப்சார்பர் இரண்டும் எண்ணெய் கசிந்து, குழியில் இறங்கினால் இடுப்பு கழன்றுவிடும் போலிருந்ததாம். கூட வேலை செய்யும் நண்பன் வேறு மாடல் வண்டியில் கழற்றிய ஒரு ஜோடியை மலிவாகக் கொடுக்க, பையனே மாட்டிவிட்டான். "போல்ட்டு கச்சிதமாகப் போகிறது அப்பா, பயப்படாதீங்க என்கிறான். சின்ன மகளை டியூஷனுக்கு ஏற்றிப் போவதும் அதே வண்டியில்தான். அந்த நண்பன் தன்னுடைய நாலு சக்கர விளையாட்டு வண்டிக்கே வேறு மாடல் அப்சார்பர் போட்டு ஓட்டுகிறானாம். அதற்கு ஆகும்போது இதற்கு ஆகாதா?" என்று கேட்கிறார்.

ஐயா, உங்கள் பயம் நியாயமான பயம். போல்ட்டு நுழைவது ஒரு சாட்சியே அல்ல. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை.

சிங்கப்பூரில் சுங்கை ரோடு பழைய சாமான் சந்தை 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு மூடப்பட்டது. தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம், ஜாலான் புசார் பக்கம், ரோச்சோர் கால்வாய்க்கு அருகில். 1930-களில் தொடங்கிய சந்தை அது. திருட்டுச் சந்தை என்று பெயர் வாங்கியிருந்தாலும், அங்கே வயிறு வளர்த்தவர்களில் பெரும்பாலோர் பாவம், பழைய சாமான் பொறுக்கி விற்ற கிழவர்கள். தரையில் பாய் விரித்துச் செருப்பு, கடிகாரம், ரேடியோ, இரும்புச் சாமான் என்று பரப்பியிருப்பார்கள். தோட்டத்தில் இருந்த காலத்தில் தேக்காவுக்குச் சாமான் வாங்க வந்தால், அந்தப் பக்கம் ஒரு நடை போகாமல் நான் பஸ் ஏறியதில்லை.

அப்படி ஒரு நடையில் கிடைத்ததுதான் அந்த ஜோடி. பெரிய வண்டியின் அப்சார்பர், பளபளவென்று இருந்தது. என் கப்சாயின் அப்சார்பரைவிட இரண்டு விரற்கடை நீளம். மாட்டிப் பார்த்தேன், நுழைந்தது. வண்டியின் பின்புறம் தூக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்து லயமே கூடி மெச்சியது. எனக்கும் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் மழை. சிவப்பு மண் ஊறிக் கிடந்தது. வாசலில் பக்கத் தாங்கியில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். பின்புறம் உயர்ந்துவிட்டால் பழைய தாங்கி குட்டையாகிவிடும், வண்டி வழக்கத்தைவிட அதிகமாகச் சாயும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தாங்கி மண்ணில் இறங்கியது, வண்டி சரிந்தது. பக்கத்தில் நின்ற என் மூத்தவனின் காலில் விழுந்தது. பெருவிரல் நகம் போயிற்று. எலும்பு தப்பியது அவன் தாயின் புண்ணியம். இன்றும் அவன் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது என் கண் அந்த விரலுக்குத்தான் போகிறது.

நிற்க. விஷயத்துக்கு வருவோம்.

அப்சார்பருக்குள் இரண்டு வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். ஸ்பிரிங் சுமையைத் தாங்குகிறது. உள்ளே இருக்கும் எண்ணெய், சின்னத் துவாரங்கள் வழியே நெருக்கியடித்துப் போய்வந்து, ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகிறது. எண்ணெய் கசிந்துவிட்டால் ஸ்பிரிங் மட்டும் மிச்சம். வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளும். உங்கள் மகனின் பழைய ஜோடிக்கு நேர்ந்தது இதுதான்.

இந்த இரண்டு வேலைக்காரர்களும் அந்தந்த வண்டியின் எடைக்கென்று அமைந்தவர்கள். கனத்த வண்டியின் ஸ்பிரிங்கை இலேசான கப்சாயில் போட்டால், தனியாகப் போகும்போது சக்கரம் தரையைவிட்டு எகிறும். ஈரச் சடக்கில் எகிறிய நேரத்தில் பிரேக்கை மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும். இலேசான வண்டியுடையதைப் போட்டாலோ, பின்னால் ஆள் ஏறியதும் அடிவரை இறங்கி, டயர் மட்கார்டில் உரசும். உங்கள் மகள் உட்காருவது சரியாக அந்தச் சக்கரத்தின் மேல்தான்.

நீளம் இன்னொரு சங்கதி. மேல் கண்ணின் நடுவிலிருந்து கீழ்க் கண்ணின் நடுவரை அளக்க வேண்டும். இது கூடினால் பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையின் சாய்வு மாறும். சங்கிலியின் தொய்வும் அதோடு மாறும். வண்டி முன்பக்கம் குனிவதால் ஹேண்டில் பதற்றமாகத் திரும்பும். நடுத்தாங்கி போட்டாலும் பின்சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டே நிற்கும்.

இப்போது அந்த நண்பனின் நாலு சக்கர வண்டி. இந்த விளையாட்டு வண்டிகள் 1980-களில் பிறந்தவை. சுஸுகியின் எல்டி 250 ஆர் 1985-லும், ஹோண்டாவின் டிஆர்எக்ஸ் 250 ஆர் 1986-லும் வந்தன. மணலிலும் மேட்டிலும் தாவுவதற்கென்றே செய்தவை. இவற்றில் பின்பக்கம் இரண்டு அப்சார்பர் கிடையாது. நடுவில் ஒன்றேதான். அது சக்கரத்துக்கு நேர்மேலே இல்லாமல் கவையின் முன்பகுதியில் இருப்பதால், கடப்பாரையால் கல்லை நெம்புகிற கணக்கு இங்கே வந்துவிடுகிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். சக்கரம் 250 மில்லிமீட்டர் ஏறும்போது அப்சார்பர் 100 மில்லிமீட்டர்தான் அமுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் சக்கரத்தில் 80 கிலோ விழுந்தால் ஸ்பிரிங் தாங்குவது இரண்டரை மடங்கு, 200 கிலோ. அதே அப்சார்பரை நெம்பு கணக்கு இரண்டாக உள்ள வேறு வண்டியில் போட்டால், ஸ்பிரிங்குக்கு 160 கிலோதான் வரும். வண்டி விறைத்து நிற்கும். சக்கரத்தின் ஏற்ற இறக்கமும் 200 மில்லிமீட்டராகக் குறைந்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் அதனால்தான் அப்சார்பரோடு நிற்பதில்லை, தங்கள் எடைக்கேற்ற ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்றுகிறார்கள். கண்ணின் துவாரம் பெரிதாயிருந்தால் கடைசல் பட்டறையில் அளவெடுத்து புஷ் போடுகிறார்கள். வாஷரை அடுக்கி இடைவெளியை அடைப்பதெல்லாம் அரைகுறை வேலை. இத்தனையும் செய்து, தனி மைதானத்தில், தலைக்கவசத்தோடு, தன் உயிரை மட்டும் வைத்து ஒருவன் ஓட்டினால் அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கெட்டிக்காரத்தனம் என்றுகூடச் சொல்வேன். தங்கையை ஏற்றிப் போகிற வண்டி வேறு.

அதனால் என் அபிப்பிராயம் இது: அந்த ஜோடியைக் கழற்றச் சொல்லுங்கள். ஹோண்டா கப் 1958-ல் வந்த வண்டி. 2017-க்குள் உலகம் முழுவதும் பத்து கோடிக்கு மேல் செய்து தள்ளிவிட்டார்கள். அந்த வம்சத்து வண்டிக்கு அதனதன் அளவில் புதிய ஜோடி கிடைப்பது கஷ்டமில்லை. ஒன்றை மட்டும் மாற்றாமல் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் கவை முறுக்கிக்கொள்ளும்.

புதிது வாங்கும்வரை பையன் கேட்கமாட்டான் என்றால், ஒரு சோதனை செய்யுங்கள். நடுத்தாங்கியில் நிறுத்தி, பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது அச்சிலிருந்து சீட்டுக்கு நேராக அளந்து கொள்ளுங்கள். பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, அண்ணனும் தங்கையும் ஏறி உட்கார, மறுபடி அளவுங்கள். மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருந்தால் சுமாராகச் சரி. இறங்கவே இல்லையென்றாலும், அடிவரை போய்விட்டாலும், தங்கை அன்று பஸ்ஸில் போகட்டும். சங்கிலி எங்காவது உரசிய பளபளப்புத் தெரிகிறதா, டயரில் புதிய தேய்ப்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அப்படியே காப்புறுதிக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. சிங்கப்பூரில் பதிவான வண்டி வைத்திருக்கும் வாசகர்கள், எதை மாற்றுவதற்கு முன்னாலும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் பார்த்துவிட வேண்டும்.

கழற்றிய பழைய ஜோடியைக் குப்பை எரிக்கும் இடத்தில் போடாதீர்கள். சிலவற்றில் அழுத்தமேற்றிய வாயு அடைத்திருக்கும், நெருப்பில் வெடிக்கும். வீட்டில் அறுத்துப் பார்க்கவும் வேண்டாம். ஸ்பிரிங் தெறித்தால் கண் போய்விடும். பழைய இரும்புக்காரரிடம் விவரம் சொல்லிக் கொடுங்கள். புதிய ஜோடி மாட்டிய பிறகு மகள் ஏறிப் பார்த்து என்ன சொன்னாள் என்று ஒரு வரி எழுதுங்கள் ஐயா.