மனக் காயத்துக்கும் மருந்து வேண்டாமா?

சகோதரிகளே, இந்த முறை சமையலறையை விட்டு வெகுதூரம் போகிறேன். அமெரிக்கக் கறுப்பின மக்களின் சர்ச்சுகளைப் பற்றிப் படித்தபோது, நம்மைப் போன்ற தாய்மார்களுக்கும் அதில் விஷயம் இருக்கிறது என்று பட்டது.

அலபாமா மாநிலத்தில் பர்மிங்காம் நகரம். 1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. பதினாறாவது தெரு பாப்டிஸ்ட் சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஐந்து சிறுமிகள் வழிபாட்டுக்காகத் தங்களைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். சாரா காலின்ஸ் என்ற 12 வயதுப் பெண்ணின் அக்கா, 11 வயது டெனிஸின் கவுனில் இடுப்புப் பட்டையைக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தாளாம். அந்த நிமிஷத்தில் நிறவெறியர்கள் வைத்த குண்டு வெடித்தது. நாலு குழந்தைகள் மாண்டுபோனார்கள். அந்த அறையில் உயிர் தப்பியவள் சாரா ஒருத்திதான். முகமெல்லாம் கண்ணாடிச் சில்லுகள். வலது கண் போயிற்று.

டாக்டர்கள் சில்லுகளை எடுத்தார்கள். மனதில் குத்தியதை எடுக்க யாரும் வரவில்லை. பலத்த சத்தம் கேட்டாலே தூக்கிவாரிப் போடும், ஆனால் அன்று மனநல ஆலோசனை என்று எதுவும் கிடைக்கவில்லை என்று சாராவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பேரதிர்ச்சியால் வரும் மனநோய்க்கு அமெரிக்க மனநல டாக்டர்களின் புத்தகத்தில் இன்றுள்ள பெயர் ஏறியதே 1980-இல்தான்!

பிறகாவது டாக்டரிடம் போகலாமே என்கிறீர்களா? அந்த மக்களுக்கு டாக்டர் என்றாலே பயம். காரணம் இருக்கிறது. அதே அலபாமாவில் டஸ்கீகி என்ற ஊரில், சிபிலிஸ் நோய் கண்ட சுமார் 400 கறுப்பின ஆண்களை, 1932 முதல் 1972 வரை அரசாங்க டாக்டர்களே சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்தார்கள். நோய் எப்படி முற்றுகிறது என்று ஆராய்ச்சியாம்! பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. அப்புறம் யார்தான் நம்புவார்கள்? கஷ்டம் என்றால் சர்ச்சுக்கு ஓடினார்கள். "ஜெபம் பண்ணு, எல்லாம் சரியாயிடும்" என்பதுதான் அங்கே கிடைத்த மருந்து.

ஜெபம் தெம்பு தரும். ஆனால் ராத்திரி தூக்கமில்லாமல் நடுங்குகிறவளிடம், "உனக்கு விசுவாசம் போதவில்லை" என்று சொன்னால் அவள் வாயே திறக்கமாட்டாள் அல்லவா? இதை உணர்ந்துதான் இப்போது பல சர்ச்சுகளில் மனநல ஊழியம் நடக்கிறது. சபையிலுள்ள நர்சுகளும் சமூக சேவகிகளும் வட்டமாக உட்கார்ந்து பிறர் கதையைக் கேட்கிறார்கள். போதகரும் பிரசங்கத்திலேயே மனச்சோர்வைப் பற்றிப் பேசுகிறார். தங்கள் சக்திக்கு மீறியது என்றால் நம்பிக்கையான ஆலோசகரிடம் அனுப்புகிறார்கள். "உனக்கு என்ன கோளாறு?" என்று கேட்பதை விட்டு, "உனக்கு என்ன நடந்தது?" என்று கேட்கப் பழகுகிறார்கள்.

நடந்ததைக் கேட்டால் நியாயமும் கேட்கத்தானே வேண்டும்? பர்மிங்காம் வழக்கில் முதல் குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தது 1977-இல். மற்ற இருவருக்கு 2001, 2002-இல். சாராவிடம் அலபாமா கவர்னர் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்டது 2020-இல். 57 வருஷம்! இதற்கிடையே 2015 ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டன் நகரின் இமானுவேல் சர்ச்சில் வேதபாடத்துக்கு வந்திருந்த ஒன்பது பேரை ஒரு நிறவெறியன் சுட்டுக் கொன்றான். புண் ஆறுவதற்குள் மறுபடி குத்தினால் களிம்பு மட்டும் என்ன செய்யும்? அதனால்தான் அந்தச் சர்ச்சுகள் ஒரு கையால் கண்ணீரைத் துடைத்து, மறு கையால் நியாயத்தின் கதவைத் தட்டுகின்றன.

நம் வீட்டிலும் விபத்தையோ சாவையோ கண்ட குழந்தை பேசாமல் ஒடுங்கிப்போனால், அல்லது சின்னச் சத்தத்துக்கும் அலறினால், "பயந்தாங்கொள்ளி" என்று அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், அதுவாகச் சொல்லும்வரை பொறுமையாயிருங்கள். வாரக்கணக்கில் நீடித்தால் மனநல டாக்டரிடம் அழைத்துப் போங்கள். விபூதி பூசுவதும் மந்திரிப்பதும் உங்கள் இஷ்டம். டாக்டரை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.