புதிய மின்சாரக் காரும் முதலில் வாங்குவோரும்

சந்தைக்குப் புதிதாக வரும் மின்சாரக் காரை முதன்முதலாக வாங்குவோர் காரை மட்டும் வாங்குவதில்லை. அதனுடன் சேர்த்து ஓர் எண்ணையும் வாங்குகின்றனர். ஒரு முறை மின்னேற்றினால் இத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதே அவ்வெண். பெட்ரோல் கார் வாங்கியவருக்கு லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்குச் சற்றுப் பிழைத்தாலும் பெருந்துன்பம் இல்லை. வழியில் நிறுத்திப் பெட்ரோல் போட்டுக்கொண்டு சில நிமிடங்களில் மேற்செல்லலாம். மின்சாரக் காரில் அக்கணக்குப் பிழைத்தால் பிரயாணமே தடைப்பட்டுவிடும். ஆதலின் அந்த எண் எவ்வாறு பிறக்கிறது என்பதை அறியாமல் பல லட்ச ரூபாயை ஒப்படைப்பது உசிதமன்று.

புணேயிலுள்ள இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிச் சங்கம் போன்ற நிலையங்களில், காரை உருளைகளின் மேல் நிறுத்தி, முன்னரே வகுக்கப்பட்ட அட்டவணைப்படி வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டிப் பார்க்கின்றனர். அட்டவணையின் நகரப் பகுதியில் உச்ச வேகம் மணிக்கு 50 கி.மீ.; நகருக்கு வெளியே ஓடுவதாகக் கொள்ளும் பகுதியில் 90 கி.மீ.; அந்த உச்ச வேகமும் சிறிது நேரமே நீடிக்கும். குளிர்சாதனம் இயங்குவதில்லை. மேடு இல்லை, எதிர்க்காற்று இல்லை. இச்சோதனையில் பொய் ஏதுமில்லை. எல்லாக் கார்களையும் ஒரே நிலையில் ஓட்டினாலன்றி ஒன்றையொன்று ஒப்பிட இயலாது. ஒப்பிடுவதற்கென அமைந்த எண்ணை வாக்குறுதியாகக் கொள்வதில்தான் தவறு நேர்கிறது. அவ்வாறு கொள்ளத் தூண்டும் விளம்பரங்களுக்கும் அத்தவறில் பங்குண்டு.

ஓர் உதாரணம். 2020 ஜனவரியில் வெளிவந்த டாட்டா நெக்ஸான் மின்சாரக் காரின் பாட்டரி 30.2 கிலோவாட்-மணி, அதாவது வீட்டு மின்சாரக் கணக்கில் சொன்னால் 30.2 யூனிட் கொள்ளளவு உடையது. சோதனைப்படி அது 312 கி.மீ. ஓடும். ஒரு யூனிட்டுக்குப் பத்து கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஜெய்ப்பூரிலிருந்து தில்லி ஏறத்தாழ 270 கி.மீ. தொலைவு. காகிதத்தில் கணக்கிட்டால் வழியில் மின்னேற்றாமலே போய்ச் சேர்ந்து, மிச்சமும் இருக்க வேண்டும். ஆனால் மே மாத வெயிலில் குளிர்சாதனத்தை இயக்கிக்கொண்டு, நெடுஞ்சாலையில் மணிக்கு 90 அல்லது 100 கி.மீ. வேகத்தில் செல்லும் இவ்வகைக் காருக்கு ஒரு யூனிட்டுக்கு ஆறு அல்லது ஏழு கிலோமீட்டர் கிடைப்பதே இயல்பு. 200 கி.மீ. அளவிலேயே பாட்டரி தீர்ந்துபோகும்.

இதன் காரணம் பள்ளிப் பாடத்திலேயே உள்ளது. வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். சக்கரங்களின் உராய்வு அவ்வளவாக மாறுவதில்லை. ஆயினும் 50 கி.மீ. வேகத்தில் சிறுபங்காக இருந்த காற்றுத் தடை, 100 கி.மீ. வேகத்தில் செலவின் பெரும்பங்கை விழுங்கிவிடுகிறது. பௌதிக ஆசிரியர்கள் இதனை ஒரு வகுப்புக் கணக்காகவே கொடுக்கலாம். மாணவர்களுக்கு உருளும் பந்தைவிட இதில் ஆர்வம் மிகும்.

வாங்குபவர்தாம் விசாரித்து அறிந்துகொள்ள வேண்டும் என்று சொல்வாருண்டு. இது நியாயமாகாது. புதிய காரைப் பற்றி விசாரிக்க அக்கம்பக்கத்தில் அனுபவசாலிகள் இல்லை. தாமே முதல் அனுபவசாலியாகப் போகிறவரிடம் அனுபவத்தை எதிர்பார்ப்பது எப்படி? ஒவ்வொருவரும் ஓட்டும் விதம் வேறு, ஆகவே உண்மைத் தூரத்தைச் சொல்ல இயலாது என்னும் வாதமும் நிற்காது. 2024 ஆகஸ்டில் வெளிவந்த டாட்டா கர்வ் மின்சாரக் காரின் 55 யூனிட் பாட்டரிக்குச் சோதனை எண் 585 கி.மீ.; நடைமுறையில் எதிர்பார்க்கத்தக்கது 400 முதல் 425 கி.மீ. என்று அந்நிறுவனமே உடன் வெளியிட்டது. ஒருவர் செய்ய இயன்றதை எல்லோரும் செய்யுமாறு விதியாக்கலாம். நிலையான 90 கி.மீ. வேகத்தில், 40 டிகிரி வெப்பத்தில், குளிர்சாதனம் இயங்க எவ்வளவு தூரம் என்ற எண்ணும் சோதனை எண்ணின் அருகே அதே பருமனான எழுத்தில் அச்சிடப்பட வேண்டும்.

தூரத்துக்கு அடுத்தபடி பாட்டரியின் ஆயுள். வெப்பம் மிகுந்த இடங்களில் லித்தியம் அயனி பாட்டரி விரைவில் முதுமை அடைகிறது. நிஸான் லீஃப் கார் 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது; அதன் பாட்டரிக்குத் தனியே குளிரூட்டும் ஏற்பாடு இல்லை. அமெரிக்காவின் அரிஸோனா மாநிலம் பாலைவன வெப்பம் உடையது. அங்கே முதலில் வாங்கியோர் சிலர், இரண்டு ஆண்டுகளுக்குள்ளாகவே பாட்டரியின் கொள்ளளவு குறைந்துவிட்டதைக் கண்டனர். அவர்கள் குறைகூறுவதோடு நின்றுவிடவில்லை. 2012 செப்டம்பரில் பன்னிரண்டு கார்களை ஒன்றுசேர்த்து, ஒரே பாதையில் ஓட்டித் தாங்களே அளந்து பார்த்தனர். பின்னர் அந்நிறுவனம் 5 ஆண்டு அல்லது 60,000 மைலுக்குள் கொள்ளளவு ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் சரிசெய்து தருவதாக உத்தரவாதத்தை விரிவாக்கியது. வெப்பத்தை மேலும் தாங்கும் பாட்டரியும் பிற்பாடு வந்தது. அதன் பயன் பின்னால் வாங்கியோருக்கும் கிடைத்தது. முதலில் வாங்கியோர் சம்பளமில்லாத பரிசோதகர்களாக உழைத்தனர் என்றே கூறவேண்டும்.

எதிர்பார்ப்புச் சரியாக அமைந்தால் எளிய காரும் திருப்தி தரும். 2001-இல் பெங்களூரில் வெளிவந்த ரேவா ஈயப் பாட்டரியில் ஓடியது; ஒரு மின்னேற்றத்துக்கு ஏறத்தாழ 80 கி.மீ. இரண்டு பெரியவர்களும் இரு குழந்தைகளும் நெருக்கி அமரலாம். அதனைக் கொண்டு மைசூருக்குப் போய்வரலாம் என்று எவரும் எண்ணவில்லை. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே ஓடுவதற்கென வாங்கியோருக்கு அது போதுமானதாயிருந்தது.

வேறொரு மனவருத்தமும் முதலில் வாங்குவோருக்கு வருவதுண்டு. 30.2 யூனிட் நெக்ஸான் வந்து இரண்டரை ஆண்டு நிறைவதற்குள், 2022 மே மாதத்தில், 40.5 யூனிட் பாட்டரியுடன் அதே கார் வந்துவிட்டது. இதில் எவரையும் குறைகூற இடமில்லை. வளரும் தொழிலில் இது நேர்ந்தே தீரும். அடுத்த கார் வரும்வரை காத்திருப்பேன் என்பவர் அதற்கடுத்த காருக்கும் காத்திருக்க வேண்டியவரே.

சிற்றூர்களில் இத்தகைய சந்தேகங்கள் முதலில் வந்து சேர்வது விஞ்ஞான ஆசிரியரிடமும் களப்பணியாளரிடமுமே. ஊரின் முதல் மின்சாரக் கார் பாதி வழியில் நின்றால், பத்தாண்டுக்கு அங்கே இரண்டாவது கார் வராது. ஆகவே கேட்போரிடம் மூன்று விஷயங்களை விசாரிக்கச் சொல்லலாம்: நாள்தோறும் உண்மையில் ஓட வேண்டிய தூரம், 8 ஆண்டு, 1,60,000 கி.மீ. என்பது போன்ற பாட்டரி உத்தரவாதம், எத்தனை சதவீதக் கொள்ளளவுக்குப் பொறுப்பேற்கிறது என்ற எழுத்து மூலமான விடை. வீட்டில் மின்னேற்றும் வசதி. மூன்றாவதைப் பலர் கடைசியில்தான் நினைக்கின்றனர். வீட்டில் ஏற்கெனவே உள்ள மின் இணைப்பிலேயே காருக்கு மின்னேற்றலாம் என்பதை மத்திய மின்துறை அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட நெறிமுறைகள் தெளிவாக்கின. ஆயினும் 15 ஆம்பியர் பிளக்கில் 30 யூனிட் பாட்டரி நிறைய எட்டு, ஒன்பது மணி நேரம் பிடிக்கும். இரவு முழுதும் அவ்வளவு மின்சாரத்தைத் தாங்கும் கம்பியும் ஒழுங்கான எர்த் இணைப்பும் பழைய வீட்டில் உள்ளனவா என்பதை, முன்பணம் கட்டுவதற்கு முன்பே ஒரு எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துவிட வேண்டும்.