கேட்டு உண்போம்

ஐரோப்பாவுக்குப் பயணம் செல்லும் நம் சகோதரர்களில் இரு சாராரைக் காண்கிறோம். ஒரு சாரார், எந்த ஊரில் இறங்கினாலும் 'ஹலால்' பலகை தொங்கும் கெபாப் கடையைத் தேடிப் பிடித்து, அவ்வூர் உணவு எதையும் அறியாமலே திரும்புகின்றனர். மற்றொரு சாராரோ, தட்டில் பன்றி இறைச்சி கண்ணுக்குத் தெரியாவிட்டால் போதும் என்று எண்ணி பிஸ்மில்லாஹ் கூறி உண்ணத் தொடங்கிவிடுகின்றனர். முதல் சாராரைப் பார்த்து நாம் நகைத்ததுண்டு. நாம் இரண்டாம் சாராரில் ஒருவராக இருந்தோம் என்பதை, இத்தாலியின் சிசிலித் தீவில் நண்பர் ஒருவருடன் கழித்த வார இறுதி நமக்கு உணர்த்தியது.

உணவுக்காகவே சிசிலியைத் தேர்ந்தோம். கி.பி. 827இல் அத்தீவில் இறங்கிய முஸ்லிம்கள் 831இல் பலெர்மோ நகரைக் கைப்பற்றினர். 1072இல் அது நார்மானியர் வசமாயிற்று. ஆட்சி போயினும் அடுப்படியில் அதன் சுவடுகள் எஞ்சின. நார்மானிய மன்னர் இரண்டாம் ரோஜரின் அவையில் இருந்த புவியியல் அறிஞர் அல்இத்ரீஸி, பலெர்மோவுக்கு அருகிலுள்ள திராபியாவில் 'இத்ரிய்யா' என்னும் மாவு இழைகள் செய்யப்பட்டுக் கப்பல்களில் வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டதை 12ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்துள்ளார். சிசிலி மக்கள் ரொட்டியின் மேல் தூவும் எள்ளை இன்றும் 'ஜுஜ்ஜுலேனா' என்கின்றனர். அது அரபியின் 'ஜுல்ஜுலான்' அன்றி வேறில்லை.

சனிக்கிழமை காலை பலெர்மோவின் பழைமையான பல்லாரோ சந்தைக்குச் சென்றோம். அங்கே 'பனெல்லே' பொரித்துக்கொண்டிருந்தனர். கொண்டைக்கடலை மாவை நீரில் காய்ச்சி, ஆறவைத்து, மெல்லிய துண்டுகளாக்கி எண்ணெயில் பொரித்து, எள் தூவிய ரொட்டிக்குள் வைத்துத் தருவர். நண்பர் உடனே வாங்கவில்லை. எந்த எண்ணெய், அதே சட்டியில் இறைச்சி ஏதும் பொரிப்பதுண்டா என்று கைச்சைகையும் அரைகுறை இத்தாலியுமாக விசாரித்தார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தனர்; நமக்குக் கூச்சமாக இருந்தது. தாவர எண்ணெய்தான், வேறொன்றும் அதில் பொரிப்பதில்லை என்று கடைக்காரர் சொன்ன பிறகே வாங்கி உண்டோம். சற்றுத் தள்ளி அவித்த ஆக்டோபஸ் விற்றனர். ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றும் நாம் உண்டோம். ஹனஃபியான நண்பர் தவிர்த்தார். ஒருவரையொருவர் குறை கூறவில்லை.

தவறு மாலையில் நிகழ்ந்தது. ஓர் இனிப்புக்கடையில் 'கன்னோலி' வாங்கினோம். குழல் வடிவில் மொறுமொறுப்பாகப் பொரித்த ஓட்டினுள் ஆட்டுப்பாலின் ரிக்கோத்தாவை நிரப்பிய இனிப்பு அது. மாவும் பாலும் சர்க்கரையும்தானே, இதில் கேட்க என்ன இருக்கிறது என்று கடித்துவிட்டோம். நண்பர் வழக்கம்போல் கேட்டார். ஓட்டின் மாவில் 'ஸ்ட்ருட்டோ'வும் மர்சாலாவும் சேர்ந்துள்ளன என்று பெருமையுடன் பதில் வந்தது. முன்னது பன்றிக் கொழுப்பு. பின்னது அத்தீவின் புகழ்பெற்ற மது. நம் கையில் பாதிதான் எஞ்சியிருந்தது.

நண்பர் ஒரு சொல்லும் கூறவில்லை. தம் பங்கை மெல்லத் தட்டில் வைத்துவிட்டார். அன்றிரவு தொழுது முடித்தபின் நெடுநேரம் உறக்கம் வரவில்லை. அறியாமல் செய்த பிழையை அல்லாஹ் மன்னிப்பான் என்பது நம் நம்பிக்கை. ஆனால் ஒரே ஒரு கேள்வியில் அறிந்திருக்கக்கூடியதை அறியாமை என்று சொல்லி ஒதுங்கிவிட முடியுமா? நம்மைத் தடுத்தது மொழியன்று. வரிசையில் நிற்பவர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சமே.

மறுநாள் பேருந்தேறி மேற்குக் கரையிலுள்ள திராப்பனி சென்றோம். அங்கு கஸ்கஸ் என்றால் மீன் கஸ்கஸ்தான். அதனைக் 'குஸ்குஸு' என்கின்றனர். சிறியதோர் உணவகத்தில் இம்முறை நாமே முந்திக்கொண்டு கேட்டோம்: "எங்கள் மார்க்கத்தில் பன்றிக் கொழுப்பும் மதுவும் கூடாது. இதில் அவை உள்ளனவா?" பரிமாறியவர் உள்ளே சென்று சமைக்கும் மூதாட்டியையே அழைத்து வந்தார். மீன் சாற்றில் மது ஊற்றுவோரும் உண்டு, தாம் ஊற்றுவதில்லை என்றார் அவர். பின்னர் எங்களை அடுக்களைக்கே அழைத்துச் சென்றார். கையால் உருட்டிய கோதுமை ரவை மண்பாண்டத்தில் ஆவியில் வெந்துகொண்டிருந்தது. ஆவி வெளியேறாதபடி இரு பாண்டங்களின் இணைப்பை மாவுத் திரியால் அடைத்திருந்தனர். வெங்காயம், பூண்டு, பாதாம், தக்காளி, பிரிஞ்சி இலை என ஒவ்வொன்றாகக் காட்டினார். நாம் அஞ்சிய அந்தக் கேள்வி அம்மூதாட்டிக்கு அவமதிப்பாகத் தோன்றவில்லை; தம் சமையலை ஒருவர் பொருட்படுத்திக் கேட்கிறார் என்ற மகிழ்ச்சியையே அவர் முகத்தில் கண்டோம்.

கெபாப் கடையோடு நின்றுவிடும் சகோதரருக்கும், கேளாமல் உண்ணும் சகோதரருக்கும் ஆகவே ஒன்றையே கூற விரும்புகிறோம். செல்லும் நாட்டின் மொழியில் பன்றிக் கொழுப்பு, மது ஆகிய இரண்டுக்கும் உரிய சொற்களையாவது கற்றுச் செல்லுங்கள். இனிப்பானாலும் ரொட்டியானாலும் உண்பதற்கு முன் கேளுங்கள். ஆகாதெனத் தெரிந்தால் நன்றி கூறி விலகுங்கள். சமைத்தவர் முன் முகம் சுளிக்க வேண்டாம். ஐயம் தீராதவற்றை விட்டுவிடுங்கள். இவ்வளவுக்குப் பின்னும் உண்ணத்தக்கவை ஏராளமாக எஞ்சியிருக்கும்.

திராப்பனியில் நண்பர் இரண்டாம் முறை கஸ்கஸ் கேட்டு வாங்கினார். "நேற்று அந்த இனிப்பை நான் முதலிலேயே கேட்டுச் சொல்லியிருக்க வேண்டும், பாய்" என்றார். கேட்டிருக்க வேண்டியவர் நாமே என்றோம். அடுத்த பயணத்தில் அக்கடமையை மறவாதிருக்க அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக.