சிஸ்டம் ஒத்துக்கொள்ளவில்லை

ஷாங்காயில் வசதி குறைச்சல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மெட்ரோ 800 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. பெய்ஜிங் 1,318 கிலோமீட்டர். காலையில் டிபனை முடித்துக்கொண்டு ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பசித்தால் அரை மணி நேரத்தில் மஞ்சள் சட்டைக்காரர் நூடுல்ஸோடு வாசலில் நிற்பார். அந்த நேரத்திலும் பெண்கள் தனியாக நடந்து வீட்டுக்குப் போகிறார்கள். இதையெல்லாம் முதலிலேயே சொல்லி வைத்துவிடுகிறேன். இல்லாவிட்டால், "சொகுசு கூடிப்போச்சு, அதான் இந்தப் புலம்பல்" என்று ஊரிலிருந்து போன் வரும்.

வசதி இல்லை என்பதல்ல என் வருத்தம். இந்த வசதி முழுக்க ஒரே அளவில் தைத்து வைத்த சட்டை. அந்த அளவுக்குள் அடங்குகிற உடம்புக்கு ராஜ வாழ்க்கை. தோள் கொஞ்சம் அகலமாக இருந்தால் பிரித்துத் தைக்க ஆள் கிடையாது. தோளைக் குறைத்துக்கொண்டு வா என்கிறார்கள்.

அது என்ன அளவு? சீனக் குடிமகனுக்கு 18 இலக்க அடையாள எண் ஒன்று உண்டு. முதல் ஆறு இலக்கம் எந்த வட்டாரம் என்று சொல்லும், அடுத்த எட்டு பிறந்த தேதி, பிறகு மூன்று வரிசை எண், கடைசி ஒன்று மற்றதெல்லாம் சரிதானா என்று பார்க்க. அந்த எண்ணைக் காட்டித்தான் சிம் கார்டு. அந்த சிம்மை வைத்துத்தான் காசு கொடுக்கும் செயலிகளான வீசாட், அலிபே. அவற்றில் காசு போட வங்கிக் கணக்கு. கணக்குத் திறக்க மறுபடியும் சிம்மும் அடையாளமும். ஒன்றைப் பிடித்து ஒன்று நிற்கிறது. எல்லாம் பொருந்திவிட்டால் பர்ஸ் வேண்டாம், சாவி வேண்டாம், ரயில் டிக்கெட் வேண்டாம். ஒன்று கழன்றால் மற்றதும் கழன்றுவிடும்.

தெருமுனை நூடுல்ஸ் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மேஜை, இரண்டு பணிப்பெண்கள், கூட்டமே இல்லாத நேரம். "ஒரு கிண்ணம் மாட்டிறைச்சி இல்லாமல், கீரை மட்டும் போட்டு" என்று சொல்ல எனக்குச் சீனம் வரும். சொன்னால் பணிப்பெண் மேஜை மூலையில் ஒட்டியிருக்கிற சதுரத்தைக் காட்டுவார். அதை ஸ்கேன் செய்ய வேண்டும். செய்தால் கடையின் செயலி திறக்கும். என் போன் நம்பரைக் கேட்கும். உறுப்பினர் ஆகிறாயா என்று கேட்கும். பிறகு படம் படமாக வரும். அதில் "கீரை மட்டும்" கிடையாது. பணிப்பெண் என் தோளுக்குப் பின்னால் நின்று, நான் அமுக்குவதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பார். என் வாயிலிருந்து அவர் காதுக்கு இரண்டு அடி தூரம்கூட இருக்காது. ஆனாலும் என் ஆர்டர் ஏதோ ஒரு சர்வருக்குப் போய்த்தான் அவரிடம் திரும்பி வர வேண்டும்.

ரொக்கம் கொடுக்கலாமே என்பீர்கள். நோட்டை வாங்க மறுப்பது சட்டப்படி தவறு, மத்திய வங்கியே பலமுறை எச்சரித்திருக்கிறது. அதனால் யாரும் மறுக்க மாட்டார்கள். நூறு யுவான் நோட்டை நீட்டினால் காய்கறிக்கார அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சில்லறை கேட்டுப் பக்கத்துக் கடைக்கு ஓடுவார். அங்கேயும் இருக்காது, அடுத்த கடை. இரண்டு கத்தரிக்காய்க்காக ஒரு வயதான அம்மாவை அப்படி ஓடவிட எனக்கு மனசு வரவில்லை.

சரி, போன் இருக்கிறது, கணக்கும் இருக்கிறது, பிறகென்ன என்றால் பெயர் இருக்கிறது. சீனப் பெயர் பெரும்பாலும் இரண்டு எழுத்து, மூன்று எழுத்து. குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால், முடிந்தது. தமிழனுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. ஊரில் இனிஷியலாகக் கம்மென்று உட்கார்ந்திருந்த அப்பா பெயர், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் முழு நீளத்துக்குப் படுத்துக்கொள்கிறது. வங்கியில் அப்பா பெயரை முன்னால் போட்டு, இடைவெளி இல்லாமல் ஒரே மூச்சில் எழுதிவிட்டார்கள். போன் நிறுவனத்தில் என் பெயர் முன்னால், நடுவில் இடைவெளி. இன்னொரு இடத்தில் கட்டம் தீர்ந்துபோனதால் அப்பாவின் கடைசி மூன்று எழுத்தைக் காணோம். மனிதக் கண்ணுக்கு மூன்றும் ஒரே ஆள். கணினிக்கு மூன்று பேர். ஆஸ்பத்திரி ஒலிபெருக்கியில் அப்பா பெயரைத்தான் கூப்பிடுவார்கள். பாவம், அவர் தஞ்சாவூரில் ஈசிசேரில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அவர் பெயரில் நான் எழுந்து போய் இங்கே நாக்கை நீட்ட வேண்டும்.

இதையும் பழகிக்கொள்ளலாம். பழக முடியாதது பாஸ்போர்ட் புதுப்பிப்பது. நம் பாஸ்போர்ட்டுக்குப் பத்து வருஷம் ஆயுள். புதிது வந்தால் எண் மாறிவிடும். சீனக்காரருக்கு அடையாள எண் பிறந்ததிலிருந்து ஒன்றே. ஆகவே இங்கே எண்தான் ஆள். எண் மாறினால் ஆள் மாறிவிட்டார். பழைய ஆளின் காசைப் புது ஆளுக்கு எப்படிக் கொடுப்பது?

நான் கணக்கு வைத்திருக்கிற வங்கிக் கிளையில் அந்தப் பெண் ரொம்ப நல்லவர். இருபத்தைந்து வயது இருக்கும். காகிதக் கோப்பையில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். எந்தக் கஷ்டத்துக்கும் இந்த ஊரில் முதலுதவி அதுதான். இரண்டு பாஸ்போர்ட்டையும் கொடுத்தேன். பழையதில் மூலை வெட்டியிருந்தது. புதியதன் கடைசிப் பக்கத்தில் பழைய பாஸ்போர்ட்டின் எண், கொடுத்த தேதி, கொடுத்த ஊர் எல்லாம் அச்சடித்திருக்கிறது. விரலை வைத்துக் காட்டினேன். அவர் படித்தார். "ஆமாம், இரண்டும் நீங்கள்தான்" என்றார். என் முகத்தைப் பார்த்து, பழைய படத்தைப் பார்த்து, சிரித்துக்கொண்டு, "அப்போது முடி அதிகம்" என்றுகூடச் சொன்னார். பிறகு புதிய பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தை இயந்திரத்தில் வைத்தார். இயந்திரத்துக்குக் கடைசிப் பக்கம் தெரியாது. "சிஸ்டம் ஒத்துக்கொள்ளவில்லை" என்றார்.

"உங்களுக்குத் தெரிகிறதே, நான்தான் என்று?"

"எனக்குத் தெரிகிறது. சிஸ்டத்துக்குத் தெரியவில்லை."

மேலாளர் வந்தார். அவருக்கும் தெரிந்தது. அவரும் வெந்நீர் குடிக்கச் சொன்னார். இரண்டு பாஸ்போர்ட்டும் ஒரே ஆளுடையது என்று தூதரகத்திலிருந்து சான்றிதழ், அதற்குச் சீன மொழிபெயர்ப்பு, அதில் முத்திரை, இவ்வளவும் கொண்டுவாருங்கள் என்றார். அதற்குள் கணக்கு முடங்கியது. கணக்கு முடங்கியதால் வீசாட்டில் காசு நகரவில்லை. வீசாட் நகராததால் அந்தச் சான்றிதழ் வாங்கப் போக டாக்சிக்குக் காசு கொடுக்க வழியில்லை. சக ஊழியர் ஒருவரிடம் நோட்டு கடன் வாங்கினேன். அவருக்கும் நோட்டு எங்கே வைத்தோம் என்று வீடு முழுக்கத் தேட வேண்டியிருந்தது.

வேடிக்கை என்னவென்றால், இந்த அலைச்சலில் ஐந்து நிமிஷத்தில் முடிந்த வேலை ஒன்றே ஒன்று: போலீஸ் ஸ்டேஷனில் முகவரிப் பதிவு. வெளிநாட்டவர் வீடு எடுத்துத் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் பதிய வேண்டும் என்று 2013 ஜூலை முதல் நடப்பிலுள்ள சட்டம் சொல்கிறது. ஊரில் எல்லோரும் பயப்படுகிற இடம். அங்கே ஒரு ஏட்டு என் முகத்தைப் பார்த்தார், இரண்டு பாஸ்போர்ட்டையும் பார்த்தார், தட்டச்சு செய்தார், சீட்டைக் கொடுத்தார். அவர் கண்ணால் பார்த்ததை நம்ப அவருக்கு அனுமதி இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

வங்கிக்காரர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. போனில் பேசியே காசைச் சுருட்டுகிற மோசடிக்காரர்களால் இந்த நாடு படாத பாடு பட்டிருக்கிறது. 2022 டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்த மோசடித் தடுப்புச் சட்டம், வாடிக்கையாளர் யார் என்று சரிபார்க்கும் பொறுப்பை வங்கிகள் மேலும் போன் நிறுவனங்கள் மேலும் சுமத்தியிருக்கிறது. தவறினால் அபராதம். அந்த இருபத்தைந்து வயதுப் பெண் சிஸ்டத்தை மீறி எனக்கு நல்லது செய்யப்போய் அவர் வேலைக்கு ஆபத்து வர வேண்டுமா?

அரசாங்கத்துக்கும் விஷயம் தெரியும். 2023 ஜூலையில் வெளிநாட்டுக் கடன் அட்டைகளை வீசாட், அலிபே இரண்டிலும் சேர்க்க வழி திறந்தார்கள். 2024 மார்ச்சில், அப்படிச் செலவழிக்கும் உச்சவரம்பை ஒரு தடவைக்கு 1,000 டாலரிலிருந்து 5,000 டாலராகவும், வருஷத்துக்கு 10,000 டாலரிலிருந்து 50,000 டாலராகவும் உயர்த்தினார்கள். சுற்றுலா வருகிறவருக்கு இப்போது பரவாயில்லை. நிரந்தர வசிப்புரிமை பெற்ற வெளிநாட்டவருக்கு 2023 டிசம்பர் முதல் புது அட்டை. அதில் குடிமக்களைப் போலவே 18 இலக்க எண். அந்த அட்டை கிடைப்பது குதிரைக்கொம்பு. நடுவில் இருக்கிற எங்களைப் போன்றவர்கள் விருந்தாளியும் இல்லை, வீட்டு மனுஷரும் இல்லை.

வெளிநாட்டவன் பாடு அவ்வளவுதான், வந்தவன் அனுசரித்துப் போக வேண்டும் என்று நானும் சும்மா இருந்திருப்பேன். ஆனால் 18 இலக்கமும் மூன்றெழுத்துப் பெயரும் பிறந்ததிலிருந்து வைத்திருக்கிறவர்களுக்கும் இதே கதிதான். 2020 நவம்பரில், ஹூபே மாகாணத்து குவாங்ஷுய் நகரில் 94 வயது மூதாட்டி ஒருவரைச் சமூகக் காப்பு அட்டைக்காக வங்கிக்கு அழைத்துப் போனார்கள். முகத்தைப் படமெடுக்கும் இயந்திரத்துக்கு முகம் எட்டவில்லை. குடும்பத்தார் அவரைக் கைகளால் தாங்கித் தூக்கிப் பிடிக்க, முழங்கால் மடங்கித் தொங்கியபடி அவர் இயந்திரத்துக்கு முகம் காட்டினார். அந்தக் காட்சியைப் பார்த்துச் சீனா முழுக்கக் கொதித்தது. வங்கி மன்னிப்புக் கேட்டது. அந்த மாதமே, முதியோர் கைபேசி இல்லாமலும் காரியம் முடிக்க வழி வையுங்கள் என்று மத்திய அரசு உத்தரவு போட்டது.

உத்தரவு வந்தபின் என்ன ஆயிற்று? எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் சீட்டுப் பதிவு இயந்திரத்துக்குப் பக்கத்தில், கையில்லாச் சட்டை மாட்டிய தன்னார்வலர் ஒருவர் நிற்கிறார். தாத்தா பாட்டிகளின் கார்டை வாங்கி, அவரே வைத்து, அவரே அமுக்கி, அவரே சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறார். அந்தக் காலத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு குமாஸ்தா செய்த அதே வேலை. குமாஸ்தாவுக்கு நாற்காலியும் சம்பளமும் இருந்தன. இவருக்கு அந்தச் சட்டைதான் மிச்சம்.

நம் ஊரில் இதைப் படிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போக வேண்டாம். ரேஷன் கடையில் விரல்ரேகை விழாமல் அரிசி வாங்காது திரும்புகிற கிழவியை, கடைக்காரருக்கு முப்பது வருஷமாகத் தெரியும், இயந்திரத்துக்குத்தான் தெரியாது. சீனாவில் வந்தது எல்லா ஊருக்கும் வரும்.

நான் இயந்திரத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நூற்றில் தொண்ணூற்றொன்பது பேருக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. மிச்சமுள்ள அந்த ஒருவருக்காக, ஒவ்வொரு கிளையிலும் ஒரே ஒரு மனிதருக்கு மட்டும், "நான் பார்த்தேன், இவர் இவர்தான்" என்று எழுதிக் கையெழுத்துப் போடும் அதிகாரம் கொடுங்கள். அந்தக் கையெழுத்தை சிஸ்டம் ஒத்துக்கொள்ளட்டும். 140 கோடிப் பேர் இருக்கிற நாட்டில் அந்த வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் யார் நம்புவார்?