கந்தோர் இல்லாத ஊரில் உத்தியோகம் எங்கே?



வெள்ளிக்கிழமை வர்த்தமானிக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் இன்று மலையகத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கிறார்கள். உயர்தரம் சித்தியடைந்தும் கொழும்புக் கடைக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ போக மனமில்லாமல், ஒரு அரச உத்தியோகத்தை எப்படியாவது எட்டிவிட வேண்டும் என்று இரவில் விளக்கெரியப் படிக்கிறவர்கள். அவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் படித்தவர்களே ஒரு கேள்வி கேட்கிறார்கள்: “போட்டிப் பரீட்சை எல்லாருக்கும் ஒன்றுதானே? இதில் என்ன பாரபட்சம்?”

பரீட்சை ஒன்றுதான். பரீட்சை மண்டபம் வரை வருகிற பாதை ஒன்றல்ல. இந்த மாதம் அந்தப் பாதையைப் பற்றித்தான் உங்களோடு பேச நினைக்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 2012 குடிசன மதிப்பீட்டின்போது நாட்டின் சனத்தொகை இரண்டு கோடியைச் சற்றே தாண்டியிருந்தது. பிரதேச செயலகப் பிரிவுகள் 331. சராசரியாக அறுபதாயிரம் பேருக்கு ஒரு செயலகம். நுவரெலியா மாவட்டத்திலோ அப்போது இருந்தவை ஐந்தே ஐந்து. அவற்றில் அம்பகமுவ, நுவரெலியா என்ற இரண்டு பிரிவுகளில் ஒவ்வொன்றிலும் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். தோட்டங்கள் செறிந்திருப்பதும் அங்கேதான். இதைச் சொல்லும்போது சேவை கிடைப்பதில்லை என்ற குறையைத்தான் எல்லோரும் பேசுகிறோம். இன்னொன்றை மறந்துவிடுகிறோம். கந்தோர் இருந்தால்தான் கந்தோருக்குள் நாற்காலி இருக்கும். ஒரு செயலகம் குறைந்தால் அதன் செயலாளரும், எழுதுவினைஞர்களும், அபிவிருத்தி உத்தியோகத்தர்களும், அதன் கீழ் வரக்கூடிய கிராம உத்தியோகத்தர் பதவிகளும் சேர்ந்தே குறைகின்றன. கிராம உத்தியோகத்தர் பரீட்சைக்கு அந்தந்தப் பிரிவில் நிரந்தரமாகக் குடியிருப்பவரே விண்ணப்பிக்கலாம் என்ற விதி நல்ல விதிதான். ஆனால் இரண்டு இலட்சம் பேர் ஒரே பிரிவுக்குள் நெருக்கியடிக்கும்போது அந்த நல்ல விதியாலும் நமக்குப் பெரிய ஆதாயமில்லை. நீண்ட காலக் கோரிக்கைக்குப் பிறகு நோர்வூட், தலவாக்கலை என்று புதிய செயலகங்கள் வந்திருப்பது மகிழ்ச்சி. அவற்றின் ஆளணி முழுமையாக நிரப்பப்படுகிறதா, யாரால் நிரப்பப்படுகிறது என்பதை நாம் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அரச உத்தியோகத்தில் நாம் பின்தங்கியிருப்பது பிள்ளைகளின் சோம்பலால் வந்ததல்ல. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் பாட்டன் பாட்டிகளை நாடற்றவர்களாக்கியது. பிரஜை அல்லாதவர் அரச வேலைக்கு விண்ணப்பம் போடவே முடியாது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது; தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் ஏறியது 1987இல். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கும் பிரஜாவுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு கையேற்றதோ எழுபதுகளில். யாழ்ப்பாணத்திலோ கண்டியிலோ ஒரு பிள்ளைக்கு “இந்தப் படிவத்தை இப்படி நிரப்பு மகள்” என்று சொல்லித்தர வீட்டில் ஒரு மாமா, ஒரு பெரியப்பா உத்தியோகத்தராக இருப்பார். லயத்துப் பிள்ளைக்கு அப்படி ஒருவர் இருக்க வாய்ப்பே தரப்படவில்லை.

இனி ஒரு தபாலின் கதை. ஊவா மலைப்பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தங்கை எழுதியிருந்தார். லயத்துக்கு இலக்கம் இல்லை, வீதிப் பெயரும் இல்லை. அந்த டிவிஷனில் இருக்கிற அத்தனை குடும்பத்துக்கும் தோட்டத்தின் பெயரே விலாசம். தபால் தோட்டக் கந்தோருக்கு வரும். அங்கிருந்து யாராவது மலைக்கு எடுத்துப் போனால் உண்டு. அவருடைய நேர்முகப் பரீட்சைக் கடிதம் ஒரு கட்டுக் கடிதங்களுக்கு நடுவே கிடந்து, நேர்முகத் திகதி போன பிறகு கொழுந்து மடுவத்தில் வைத்து அம்மாவின் கையில் கொடுக்கப்பட்டிருக்கிறது. “அம்மா அதைக் கொங்காணிக்குள்ளே மழை படாமல் பத்திரமாகக் கொண்டுவந்தாங்க, சேர்” என்று எழுதியிருக்கிறார். அதற்கு மேல் அந்தக் கடிதத்தில் குறை எதுவும் இல்லை. அடுத்த வர்த்தமானி எப்போது என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

விலாசம் சரியாக இருந்தாலும் பெயர் இடிக்கிறது. பிறப்புப் பதிவை மொழி தெரியாதவர் எழுதியதால் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், பரீட்சைச் சான்றிதழில் மூன்றாவது பெயர். மூன்றும் ஒருவரே என்று நிரூபிக்கக் கச்சேரிக்கும் சட்டத்தரணியிடமும் நடக்க வேண்டும். நடக்கிற ஒவ்வொரு நாளும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் கூலி, இல்லை.

தப்பித் தவறி வேலை கிடைத்த இடத்திலும் நம் பிள்ளைகளுக்குத் தந்தது அரை வேலைதான். தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர் என்ற பெயரில் எடுக்கப்பட்டவர்களுக்கு முதலில் மாதம் 6,000 ரூபா, பிறகு 10,000 ரூபா என்று கொடுப்பனவு. பக்கத்து வகுப்பறையில் முழுச் சம்பளம் வாங்கும் ஆசிரியர் செய்கிற அதே வேலையைத்தான் அவர்களும் செய்தார்கள். பஸ் காசுக்கே பாதி போனது. அந்தப் பிள்ளைகள் வகுப்பைக் கைவிடாமல் நின்றதை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன்.

பிறந்த இடம் ஒருவரின் வாய்ப்பைத் தீர்மானிக்கிறது என்பதை இந்த நாடு அறியாமலில்லை. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்குகிறோம். பின்தங்கிய பதினாறு மாவட்டங்களில் நுவரெலியாவும் பதுளையும் உண்டு. அம்பாந்தோட்டையும் மொனராகலையும் உண்டு. சிங்களக் கிராமத்துப் பிள்ளையும் இதனால் பயனடைகிறது. பதினெட்டு வயதில் ஏற்றுக்கொண்ட இந்த நியாயம் இருபத்துமூன்று வயதில் வேலை கேட்கும்போது மட்டும் ஏன் செல்லாமல் போகிறது? அயலில் இந்தியா, கர்நாடகத்தின் பின்தங்கிய வடகிழக்கு மாவட்டங்களுக்காக 2012இல் அரசியலமைப்பையே திருத்தி, அந்த வட்டாரத்து அரச வேலைகளில் உள்ளூராருக்குப் பங்கு வைத்தது. நம்மால் முடியாததொன்றும் அதில் இல்லை.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். அரசியல்வாதியின் பட்டியலில் பேர் ஏற்றி வாங்கும் நியமனத்தை நான் கேட்கவில்லை. அந்தப் பட்டியல்கள் நம் சமூகத்துக்குச் செய்த கெடுதல் பெரிது. கெட்டிக்காரப் பிள்ளையைக் கூட யாருடைய வாசலிலாவது காத்து நிற்க வைத்தன. நான் கேட்பது எழுதிய விதி: தோட்டப் பகுதிகளுக்கான பங்கு, லயத்துக்கு இலக்கமிட்ட விலாசம், மூன்று மொழியிலும் ஒரே நாளில் அறிவித்தல், பெயர்ப் பிழைகளைத் தோட்டத்துக்கே வந்து திருத்தும் நடமாடும் சேவை.

பொலிஸ் நிலையத்தில் தமிழில் அழுதுகொண்டே சொன்ன முறைப்பாட்டை, தங்களுக்குப் புரியாத எழுத்தில் எழுதித் தந்ததும் கையெழுத்திட்டுவிட்டு வருகிற பெண்கள் நம் மலைகளில் இன்னும் இருக்கிறார்கள். அந்த மேசைக்கு அப்பால் அவர்களின் மொழி தெரிந்த ஒருவர் உட்கார வேண்டும் என்பதற்காகவும்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அடுத்த இதழிலிருந்து ஒரு பக்கத்தை அரச வேலை அறிவித்தல்களுக்கு ஒதுக்குகிறோம். கல்வித் தகைமை, வயதெல்லை, இறுதித் திகதி, கட்டணத்தை எங்கே கட்டுவது என்பதெல்லாம் தெளிவாக இருக்கும். ஓய்வுபெற்ற அதிபர்களே, உத்தியோகத்தர்களே, மாதத்தில் ஒரு ஞாயிறு உங்கள் ஊர்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிவம் நிரப்பச் சொல்லிக்கொடுக்க முடியுமானால் எங்களுக்கு எழுதுங்கள்; சேர்த்துவைக்கிறோம். தாமதமாக வந்த கடிதத்தால் வாய்ப்பை இழந்த தம்பி தங்கைகளே, அந்தக் கடிதத்தின் பிரதியை அனுப்புங்கள். அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்கும் தபால் திணைக்களத்துக்கும் முறைப்பாடாகக் கொண்டுபோகிறோம். தபால் முத்திரையின் திகதி தெரிகிற மாதிரி உறையின் பிரதியையும் சேர்த்து வையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்